மெல்ல வாரேன், பரிபூரணம்

"யோவ், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? பொம்பளப் பிள்ளைய இடிச்சுத் தள்ளிட்டு நிக்கான் பாரு!"

யாரோ கத்தினார்கள். யாரோ மோட்டார் சைக்கிள்காரன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார்கள். பரிபூரணத்துக்கு எல்லாம் கேட்டது... எல்லாம் தெரிந்தது. ஈரத் தரையில் கன்னம் பதிய, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொள்ள, வெட்டிப்போட்ட மரம் போலக் கிடந்தாள். நெற்றியிலிருந்து சூடாக ஏதோ வழிந்து மழைத் தண்ணீரோடு கலந்தது. எழுந்திருக்க வேண்டும்... ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். உடம்பு கேட்கவில்லை.

அவளை யாரும் இடிக்கவில்லை. ஆவணி மாதத்துச் சாயங்காலத் தூறல். பால் சொசைட்டியில் வேலை முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியைத் தாண்டி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் திரும்பி முறைத்துவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். பரிபூரணம் விறைத்துப்போய், நின்ற வாக்கில் முகங்குப்புற விழுந்தாள். விழும்போது கையை ஊன்றக்கூட அவளால் முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

மெல்ல மெல்ல விறைப்பு இளகியது. உதடு அசைந்தது.

"விடுங்க அவியள... அவிய என்னைய இடிக்கல."

கூட்டம் தயங்கிக் கையை எடுத்தது. அவன் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டான். கிழிந்த காலரோடு, நனைந்த தலையோடு... அவன் இமைகளில் மழை முத்து முத்தாக நின்றது. தரையில் கிடந்தபடியே, சாய்ந்த பார்வையில், அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து இரக்கப்பட்ட கண்கள் அவளுக்குத் தெரியும். பயந்த கண்கள் தெரியும். வாய்க்குள் சிரித்த கண்களும் தெரியும். இந்தக் கண்களில் அது எதுவும் இல்லை. கோயில் சிற்பத்தை முதன்முதலாகப் பார்க்கிறவன் போல, அப்படி ஒரு ஆச்சரியம்.

"ஏங்க... விழும்போது உங்களுக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முழுசாவா? நாங்க பேசுனது எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எதுக்குக் கேக்கிய?"

அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "எங்க லேப்ல இருக்கிற சுண்டெலியும் அச்சு அசல் இப்படித்தாங்க விழும்!"

பரிபூரணம் சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னைய எலிங்கியளா?"

"ஐயையோ... இல்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"ஹாரன் அடிச்சு விழத்தாட்டுனது போதாதுன்னு எலியும்பியளோ? இதுக்கு அவங்ககிட்ட நாலு அடி வாங்க விட்டிருக்கலாம் உங்கள."

விறுவிறுவென்று நடக்கத்தான் நினைத்தாள். அவளுக்கு அப்படி நடக்க வராது. கால்களைச் சற்று அகட்டி, முழங்கை உடம்பை விட்டு விலகாமல், ஒவ்வோர் அடியாகத்தான் போக முடியும். முதுகில் அந்தக் கண்கள் தொட்டுக்கொண்டே வருவது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கத் தோன்றியதே... அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

*

மறுநாள் சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வெகு தூரத்திலேயே ஒரு குரல் கேட்டது.

"ஏங்க... வாரேன். மெல்ல வாரேன். இப்ப வேப்பமரத்துக்கிட்ட நிக்கேன்... இப்பப் படிக்கிட்ட வந்துட்டேன்..."

சொசைட்டி செயலாளர் சங்கரலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரும்மா இது, கட்டியங் கூறிக்கிட்டு வருதான்?"

பரிபூரணம் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சங்கரலிங்கம் நல்ல மனுஷர். அவளுக்காகவே பால் கேன்களை ஓசைப்படாமல் வைக்கச் சொல்லி எல்லாரையும் பழக்கி வைத்திருந்தார்.

தேரடியில் விசாரித்து இடம் தெரிந்து வந்திருந்தான். அவன் பெயர் சௌந்தரபாண்டியன். ராஜபாளையத்துக்காரன். அப்பா மில்லில் ஃபோர்மேனாக இருந்து போய்ச் சேர்ந்தவர். வீட்டில் அம்மா மட்டும். பெங்களூரில் நரம்பு செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நீண்ட லீவில் வந்திருக்கிறான். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "நேத்து சொன்னதுக்கு மன்னிச்சிருங்க... அது எலி இல்லைங்க, உங்களப் பத்தி நான் நெனச்சது..." என்று குழம்பி நின்றான்.

"என்ன நெனச்சிய?"

"சொன்னா அடிப்பிய."

"சொல்லாட்டியும் அடிப்பேன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, மெதுவாகக் கேட்டான். "உங்க மூக்கு நுனிய ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா?"

பரிபூரணம் திடுக்கிட்டுச் சங்கரலிங்கத்தைப் பார்த்தாள். அவர் அவசரமாகப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"வெளையாட்டு இல்லைங்க. டாக்டருங்க செய்யிற சோதனைதான்."

ஏன் சரியென்று தலையசைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் ஆள்காட்டி விரலை அவள் பார்க்கும்படி மெல்லக் கொண்டுவந்தான். நுனி மூக்கில் ஒரு தட்டு... அவள் தலை வெடுக்கென்று பின்னால் போனது. மறுபடி ஒரு தட்டு... மறுபடி வெடுக். வருவது தெரிந்தும், தயாராக இருந்தும், ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தில்.

"மத்தவங்களுக்கு ரெண்டு தடவையில பழகிரும். உங்களுக்குப் பழகாது." அவன் விரலை மடக்கிக்கொண்டான். "இது பயம் இல்லைங்க."

"என்னது?"

"நீங்க பயந்தவங்க கெடையாது. இது வலிப்பும் இல்ல, பேயும் இல்ல. உங்க மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி. காகிதப் பையை ஊதி உடைப்பார்கள், அவள் விழுவதைப் பார்க்க. பேயோட்டும் கோடாங்கி வீட்டில் வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள். கோர்ட்டில் வேலை பார்க்கும் அப்பா ஐயாதுரைக்கும் இதே கோளாறு, கொஞ்சம் கம்மியாக. டவாலி பேர் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கு அவர் துள்ளுவதை வக்கீல்கள் பேசிச் சிரிப்பார்களாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது... ஒரே ஒருத்தராவது இதைச் சொன்னதில்லை. பால் கேனுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப என்ன இது?"

அவன் கேனுக்குள் எட்டிப் பார்த்தான். பால்மேல் மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. "நரம்பு செல்லுக்கு மேலயும் இப்படி ஒரு ஆடை இருக்கு. கொழுப்புத் தோலுதான்."

"கொழுப்பு எம்புட்டுச் சதவீதம்?"

"சோதிச்சுச் சொல்லுதேன்!" அவன் கண்கள் சிரித்தன. "அந்த ஆடையில ஏற்பிங்கிற பேர்ல நுணுக்கமா வாசல் இருக்கு. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சொல்ற சேதிய அதுதான் வாங்கும். பதறுன்னு சொல்ற சேதிக்குத் தனி வாசல், போதும், அடங்குன்னு சொல்ற சேதிக்குத் தனி வாசல். அந்த அடங்குங்கிற வாசல் எல்லா எடத்துலயும் பரந்து கெடக்காது. பக்கத்து நரம்பு வந்து தொடுற எடத்துல மட்டும் கும்பலாக் கூடி நிக்கும்."

அவள் ஆடையைப் பார்த்தாள். "ஆடையில இருக்கது மெதந்து போயிரும்லா? அது மட்டும் எப்படி ஒரே எடத்துல நிக்கும்?"

அவன் அவளையே பார்த்தான். இந்தத் தடவை அந்தக் கண்களில் வேறு ஏதோ இருந்தது. "இதத்தாங்க வருசக்கணக்கா நான் தேடிக்கிட்டிருக்கேன். அடியில இருந்து ஒரு புரதம் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. ஆட்டக் கட்டுற முளைக்குச்சி மாதிரி."

"எங்க வீட்டு முளைக்குச்சி பிடுங்கிருச்சாக்கும்?"

"இல்லன்னா வாசல் கூடி நிக்குது, சேதிதான் சரியாக் கேக்கல. உங்க குடும்பத்துக்கு எதுன்னு தெரியல. ஆனா அடங்குங்கிற சத்தம் போய்ச் சேரல... அதான் ஒரு ஹாரனுக்கு ஒடம்பு பூராவும் விறைக்குது. இதுக்கு மாத்திரை இருக்குங்க."

அன்று அவன் போன பிறகு வெகுநேரம் அவள் மூக்கு நுனியில் அந்த விரல் இருந்தது.

*

அவனுக்குத் தெரிந்த நரம்பு டாக்டர் ஒருவர் மதுரையில் இருந்தார். அப்பாவும் அக்கா அழகுத்தாயும் கூட வர, பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தார்கள். மாத்திரை முதலில் தூக்கமாக வந்தது. பிறகு தூக்கம் குறைந்தது. புரட்டாசி பிறந்தபோது பரிபூரணம் பஜாரில் தனியாக நடந்தாள். கடை ஷட்டர் சடாரென்று இறங்கியது. தோள் ஒரு குலுக்குக் குலுக்கியது... விழவில்லை. நடுத் தெருவில் நின்று சிரித்தாள், பைத்தியம் மாதிரி.

அவன் தினமும் ராஜபாளையத்திலிருந்து வந்தான். மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, "வாரேன்... மெல்ல வாரேன்..." என்று நடந்து வருவான். அந்தக் குரலுக்கு மட்டும் அவள் உடம்பு பதறுவதில்லை. மனசு பதறியது. அதற்கு எந்த டாக்டரிடம் மாத்திரை கேட்பது?

புரட்டாசிச் சனிக்கிழமை அக்காவோடு, ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போனாள். அவனும் வந்தான். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி, படிகளில் சாரல் அடித்தது. அழகுத்தாய் முன்னால் ஏறிப் போனாள். அவன் பரிபூரணத்தைப் பார்த்தான். சொல்ல வந்தான்... அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கண்களில் வார்த்தை வந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலே மேளம் முழங்கியது. அவள் லேசாகத் துள்ளி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்! இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பில் அந்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது.

சொல்லட்டும், அவசரமில்லை என்று நினைத்தாள். கல்யாணமே வேண்டாம் என்று தான் வைத்திருந்த வைராக்கியம் அன்று அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

*

அந்த வைராக்கியத்துக்குக் காரணம் அக்காதான். அழகுத்தாய்க்கு இந்தக் கோளாறு வெளியே தெரியாது, லேசான பதற்றம் மட்டும். வத்திராயிருப்பில் கட்டிக் கொடுத்தார்கள். ஆண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டக் காலில் போட்டால் குழந்தை விறைத்து நீலம் பாரித்துப் போகும். ஒருநாள் அப்படி விறைத்தது இளகவே இல்லை. மூக்கில் தண்ணியை ஊற்றிக் கொன்றுவிட்டாள் என்று மாமியார் ஊரைக் கூட்டினாள். புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை, எதற்கும் அழுததுமில்லை.

மலைக்குப் போய்வந்த மறுநாள், அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, அழகுத்தாய் போகாமல் நின்றாள்.

"தம்பி... எம் பிள்ளைக்கும் இதுதானா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்படித்தான் தோணுதுக்கா. சின்னக் கொழந்தைக்குத்தான் இது ரொம்பக் கடுமையா இருக்கும். விறைக்கும்போது மூச்சு நின்னுரும்."

"அதுக்கு வைத்தியம் ஒண்ணும் கெடையாதுல்லா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பரிபூரணம் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்தாள்... இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன? ஆனால் அவனுக்குத் தெரிந்ததைச் சொல்லித்தான் பழக்கம். இரண்டு கையாலும் காற்றில் ஒரு குழந்தையைத் தூக்கினான்.

"இருக்குக்கா. ஒடனே கொழந்தைய மடக்கிரணும். தலையையும் காலையும் வயித்துப் பக்கமாச் சேத்து, இந்தா, இப்படி... விறைப்பு விட்டுரும். மூச்சு வந்துரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அழகுத்தாயின் முகத்தைப் பார்த்தான். அவன் கைகள் காற்றில் அப்படியே நின்றன.

"மடக்கணுமா?" என்றாள் அவள். "நான் நீட்டிப் பிடிச்சேனே... கைகால் வெறைச்சுக் கெடக்கேன்னு, நீட்டி நீட்டித் தேச்சுவிட்டேனே தம்பி..."

"அக்கா..."

"அம்புட்டுத்தானா? மடக்கிருந்தா போதுமா? அம்புட்டுத்தானா?"

கத்தவில்லை. அழவில்லை. கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். அன்றிலிருந்து மத்தியான வேளைகளில் அழகுத்தாய் மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேல் முனையையும் கீழ் முனையையும் மெல்ல மடக்குவாள். பிடித்திருப்பாள். விடுவாள். மறுபடி மடக்குவாள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த பரிபூரணத்திடம்தான் அவன் அந்த வாரக் கடைசியில் சொசைட்டிக்கு வந்து ரத்தம் கேட்டான்.

"எங்க புரொபசர் ஃபோன் பண்ணாருங்க. உங்க மூணு பேரு ரத்தமும் வேணும். போன வருசம்தான் வெளிநாட்டுல சில குடும்பத்துல இந்தக் கோளாறு எந்த ஜீன்ல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டுல இது வரைக்கும் யாரும் பாக்கல... நாமதான் மொதல்ல..."

"யாரு நாம?"

அவன் நிறுத்தினான்.

"உங்க ஆராய்ச்சிக்கு இது பெரிய விஷயம், இல்லையா?"

"ஆமா... ஆனா உங்களுக்கும்..."

"அதுக்குத்தான் தெனமும் வந்தியளா? மெல்ல மெல்ல..."

"பரிபூரணம்!"

"எங்க அக்காட்ட அதச் சொன்னிய. இப்ப அவ ரத்தத்தையும் கேக்கிய. எலிட்ட இப்படிக் கேப்பியளா? கேக்க மாட்டிய. எங்ககிட்ட கேக்கியளே, அது வரைக்கும் சந்தோஷம்."

அவன் முகம் கறுத்தது. அவனுக்கும் ரோஷம் உண்டு. "நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும். தெரியலன்னா இனிமே சொல்லிப் பிரயோசனம் இல்ல."

"ரத்தம் தாரோம். எடுத்துக்கிட்டுப் போங்க. பொறவு இந்தப் பக்கம் வராதிய."

கிளினிக்கில் நர்ஸ் ஊசி குத்தும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான். வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அவன் பெங்களூர் போய்விட்டான்.

தீபாவளி வந்தது. சிவகாசிக்குப் பக்கத்து ஊரில் தீபாவளி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உள்ளறையில், அப்பா ஒரு மூலை, அவள் ஒரு மூலை. ஒவ்வொரு வெடிக்கும் தோள் குலுங்கியது. அதைவிட மோசம், வெடி ஓய்ந்த பிறகு வந்த அமைதி. தெருவில் எந்தக் குரலும் வரவில்லை... வாரேன் என்று யாரும் சொல்லவில்லை.

*

கார்த்திகையில் அப்பா இறந்தார். சாதாரணமாகத்தான் நடந்தது. கோர்ட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்தது. நின்ற வாக்கில் விழுந்தார். தலை படியில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை. தூக்கம் வருது, வேலை கெடுது என்பார்.

மறுநாள் வீட்டு வாசலில் சித்தப்பா சங்கையா கொட்டுக்காரர்களையும் வேட்டுக்காரர்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பரிபூரணத்துக்குக் கொட்டுத் தோலைச் சூடுகாட்டும் வைக்கோல் புகை வாசம் வந்தது. கையைப் பிசைந்துகொண்டாள். சொல்ல முடியுமா? அப்பா சாவுக்குக் கொட்டு வேண்டாம் என்று ஒரு மகள் சொல்ல முடியுமா?

அப்போது வாசலில் அந்தக் குரல் கேட்டது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த, தொண்டை கட்டிய குரல்.

"ஐயா... கொட்டு வேண்டாம்யா."

"யாருய்யா நீ? எங்க அண்ணன் என்ன நாதியத்தவனா, சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போக?"

"அவரு செத்ததே ஒரு சத்தத்துலதாங்கய்யா. ஆயுசு பூரா சத்தத்துக்குத்தான் ஒளிஞ்சு நடந்தாரு. இன்னைக்கு ஒரு நாளாவது... அவரு மக உள்ள இருக்காங்க. கால்ல விழுதேன்யா."

விழுந்தேவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். வெளியே சங்கையாவின் குரல் உடைந்து வந்தது. "ஏலே, கட்டுங்கலே கொட்ட... போங்க எல்லாரும்."

ஐயாதுரை சத்தமில்லாமல் போனார். தூறல் விழுகிற சத்தம் மட்டும் கூடப் போனது.

அவனுக்குச் சொல்லி அனுப்பியது அழகுத்தாய். பஜாரில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவளே பேசியிருந்தாள். பரிபூரணத்தால் அதை நம்பவே முடியவில்லை.

எல்லாம் முடிந்து அவன் கிளம்பும்போது கிணற்றடியில் ஒரு நிமிஷம் நின்றான். கண்கள் உள்ளே போயிருந்தன. அவற்றில் பழைய ஆச்சரியம் இல்லை.

"உங்க ரத்தத்த வேற ஒருத்தர்ட்டக் குடுத்துட்டேன். அவர் பாப்பாரு. ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரு வராது."

"நான் அப்படிக் கேக்கலையே."

"எனக்கு முடியலங்க. விறைப்பு எம்புட்டு நேரம் நிக்குன்னு குறிக்கணும்... அதுக்கு அந்த எலிய ஒரு தட்டுத் தட்டணும். கைய நீட்டுதேன், வர மாட்டேங்கு. தேரடியில உங்க கன்னம் தரையில கெடந்ததுதான் தெரியுது. அதுவும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே கெடக்கும்னு..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாவ ராஜபாளையத்துல பாத்துட்டு நாளைக்குச் சாயங்காலப் பஸ்ல போறேன். வேற வேலை தேடணும்."

அவள் என்ன சொல்வது? பிடித்திருக்கிறது என்றா? சொல்லி... கட்டிக்கொண்டு... பிள்ளை பெற்று? பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற பிள்ளைக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மடியில் தலையணையோடு இன்னொரு மூலையில் தானும் உட்கார வேண்டியதுதானா?

மறுநாள் மத்தியானம் அழகுத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி பூரணம், நீ போகலையா?"

"எங்க?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

"எனக்கு வேண்டாம்க்கா. ஒனக்கு நடந்ததப் பாத்த பொறவுமா?"

அழகுத்தாய் தங்கையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுட்டி. ஒருத்தரும் சொல்லல. அதனால எம் பிள்ள போச்சு. ஒனக்குத் தெரியும். எனக்கும் இப்பத் தெரியும். அந்தத் தம்பி சொன்ன அன்னைக்குச் செத்துரலாம்னுதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா என் கை பழகிருச்சு பாரு... ஒம் பிள்ளைக்கு வந்துச்சுன்னா நான் மடக்கிருவேன். ராவும் பகலும் பக்கத்துலயே இருப்பேன். ஒரு பிள்ளையாவது என் கையில மூச்சு விடட்டும்ட்டி..."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அழகுத்தாய் அழுதாள். ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். அந்தச் சத்தத்துக்குப் பரிபூரணத்தின் உடம்பு விறைத்து விறைத்து இளகியது. இருந்தாலும் அக்காவை விடாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

*

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு அவள் தனியாக வந்ததே இல்லை. ஹாரன் மேல் ஹாரன். கண்டக்டர்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். தகரக் கூரையில் மழை வேறு. மாத்திரைக்கும் ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு தூணாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு பஸ் பின்னால் வந்து முழங்கியது. விறைத்தாள்... தூண் தாங்கிக்கொண்டது. கண்கள் மட்டும் தேடின.

பெங்களூர் பஸ்ஸின் படியில் கால் வைத்திருந்தவன் திரும்பினான். பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன், பாதி தூரத்தில் சட்டென்று நிதானமாகி, அவள் பார்க்கும்படி நேர் எதிரே வந்து நின்றான். தொடவில்லை. விறைப்பு இளகும் வரைக்கும் காத்திருந்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது... மழை மட்டும்தானா என்று தெரியவில்லை.

"ஏங்க இங்க வந்திய? இம்புட்டுச் சத்தத்துல..."

"பேசணும். நடுவுல பேசாதிய. பேசுனா எனக்குச் சொல்ல வராது."

அவன் தலையாட்டினான்.

"உங்கள வெறுக்கணும்னு பாத்தேன். முடியல. மறக்கலாம்னு பாத்தேன்... தெருவுல ஆள் நடந்தாக் காது அங்கயே போவுது. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. எப்பருந்துன்னு கேக்காதிய, சொல்ல மாட்டேன்."

"பரிபூரணம்..."

"இன்னும் முடியல. நாம சந்தோஷமா இருப்போம்னு மட்டும் சொல்லாதிய. எங்க வீட்டுல யாரும் அப்படி இருந்ததில்ல. பிள்ள பொறந்தா அதோட ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கிட்டுத்தான் கெடப்பேன். நீங்க வெளிய போனாப் பயப்படுவேன், வந்தாலும் பயப்படுவேன். நீங்க சொன்னியளே, பயம் இல்லன்னு... அது வேற. இது நெசமான பயம். இதுக்கு மாத்திரை கெடையாது."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் தோள் குலுங்கியது. அவன் கையை மெல்ல நீட்டி, அவள் பார்க்கப் பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ கத்தினார். பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

அவன் வாயைத் திறந்தான். சந்தோஷமாக இருப்போம் என்று சொல்லவில்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

அவள்தான் சொன்னாள், அழுதுகொண்டே.

"எப்படியும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கப் போறேன்... அத உங்ககூட இருந்து பயந்துட்டுப் போறேனே."